லெகோ கட்டை யாருடையது? உரிமைச் சண்டைக்குப் பின்னால் உள்ள கதை

குழந்தைகள் ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் லெகோ கட்டையைக் கண்டுபிடித்தது யார் என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் உலவுகின்றன. டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் தச்சுப் பட்டறை நடத்திய ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்பது ஒன்று. அது ஹிலரி ஃபிஷர் பேஜ் என்ற ஆங்கிலேயர் உருவாக்கியது, டென்மார்க்காரர்கள் அதைத் திருடிக்கொண்டார்கள் என்பது மற்றொன்று. முதல் பதில் பல ஆண்டுகள் பாடம்போலச் சொல்லப்பட்டது. இரண்டாவது அவ்வப்போது புதிதாக அம்பலமான ரகசியம்போலப் பரவுகிறது. நடுவில் நீதிமன்றத் தீர்ப்புகளும் மேற்கோள் காட்டப்படுவதால், யாரோ ஒருவர் வழக்கில் வென்று விஷயம் முடிந்துவிட்டது என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது.

இரண்டு பதில்களுக்கும் ஒரே குறைதான். கட்டையை ஒரே நாளில், ஒரே ஆள் செய்த ஒரே பொருளாக இரண்டும் எடுத்துக்கொள்கின்றன. கையில் ஒரு கட்டை இருந்தால் திருப்பிப் பாருங்கள். சண்டைக்கான விடையில் பாதி அதன் அடிப்பக்கத்தில் இருக்கிறது.

கட்டையின் உடலமைப்பு

மேலே தெரியும் வட்டமான மேடுகளைக் குமிழ்கள் என்போம். கீழே உள்ளே நிற்கும் வெற்று உருளைகளைக் குழாய்கள் என்போம். எல்லோரும் அறிந்த கட்டையில் இரண்டு வரிசையாக எட்டுக் குமிழ்கள் இருக்கும், உள்ளே மூன்று குழாய்கள் இருக்கும்.

அதன் நீளம் 31.8 மில்லிமீட்டர், அகலம் 15.8, குமிழை விட்டுவிட்டால் உயரம் 9.6. ஒரு குமிழின் விட்டம் 4.8 மில்லிமீட்டர். ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை 8 மில்லிமீட்டர்.

இந்த எண்களை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். நான்கு குமிழ்கள் ஒரு சதுரமாக நிற்கின்றன. மையத்திலிருந்து மையம் வரை அளந்தால் சதுரத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 11.31 மில்லிமீட்டர். இரு முனைகளிலும் அரைக் குமிழ் வீதம் மொத்தம் 4.8 கழித்தால் மீதி 6.51. குழாயின் வெளிவிட்டமும் அதுவே. அதாவது நான்கு குமிழ்களுக்கு நடுவே எஞ்சும் இடத்தில், நான்கையும் தொட்டுக்கொண்டு நிற்கும்படி அந்தக் குழாய் அளந்து செய்யப்பட்டிருக்கிறது.

கட்டைகளை அழுத்தும்போது ஒவ்வொரு குமிழும் மூன்று இடங்களில் பிடிபடுகிறது. மூலைக் குமிழ் இரண்டு சுவர்களையும் ஒரு குழாயையும் தொடும். நடுக் குமிழ் ஒரு சுவரையும் இரண்டு குழாய்களையும் தொடும். பிளாஸ்டிக் மிக நுண்ணிய அளவில் வளைந்து, திரும்பித் தன் வடிவத்துக்கு வர முயல்கிறது. அந்த அழுத்தமும் உராய்வும்தான் பிடிமானம். பசையோ திருகோ தேவையில்லை. குழந்தையின் விரலால் பிரித்துவிடவும் முடியும்.

இப்போது குழாய்களை நீக்கிவிட்டு அதே கட்டையைக் கற்பனை செய்து பாருங்கள். உள்ளே வெறும் கூடு. நேர்க்கோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் இரண்டு நீளச் சுவர்களும் குமிழ்களை இருபுறமும் நெருக்கும், ஓரளவு பிடிக்கும். பக்கவாட்டில் ஒரே ஒரு வரிசை தள்ளி வைத்தால் குமிழ்கள் ஒரு சுவரை மட்டுமே தொடும், எதிர்ப்புறம் அணைக்க எதுவும் இல்லை. கட்டை வழுக்கி விழும்.

1949 முதல் 1958 வரை பில்லுண்டில் செய்யப்பட்ட கட்டைகள் அப்படி வெற்றுக் கூடாகத்தான் இருந்தன. பேஜின் கட்டையும் அப்படியே.

இருவருக்கும் முன்னால்

ஒன்றோடொன்று பொருந்தும் கட்டட விளையாட்டுப் பொருள்கள் பேஜுக்கு முன்பே இருந்தன. இங்கிலாந்தில் 1935இல் மினிபிரிக்ஸ் என்ற ரப்பர் செங்கற்கள் விற்பனைக்கு வந்தன. மேடும் குழியும் பொருந்தி நிற்பதுதான் அவற்றின் முறை. அமெரிக்காவிலும் ரப்பர் செங்கற்கள் இருந்தன. 1930களின் இறுதியில் ஹால்சம் என்ற நிறுவனம், மேலே சிறு குமிழ்கள் கொண்ட மரக் கட்டைகளைச் செய்தது. எனவே மேலே மேடு, கீழே குழி என்ற பொதுவான எண்ணத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் முழு உரிமை கோர முடியாது.

இன்னும் பின்னால் போனால், பெயர் யாருக்குப் போகும் என்ற இதே சிக்கல் ஜெர்மனியில் நடந்திருக்கிறது. கிளைடர் என்ற இயந்திரமில்லாச் சறுக்கு விமானத்தில் பறந்து புகழ்பெற்ற ஓட்டோ லிலியந்தாலும் அவர் தம்பி குஸ்டாவும் மணல், சுண்ணாம்புத்தூள், ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து விளையாட்டுக் கற்கள் செய்தார்கள். விற்கத் தெரியவில்லை. ஃப்ரீட்ரிக் அடால்ஃப் ரிக்டர் என்ற தொழிலதிபர் அந்த முறையை விலைக்கு வாங்கினார். ருடோல்ஷ்டாட் நகரில் அவர் தயாரித்த நங்கூரக் கற்கள் உலகெங்கும் பேர் வாங்கின. இன்றும் அவற்றைச் சேகரிப்பவர்கள் ரிக்டர் கற்கள் என்றே சொல்கிறார்கள். பொம்மை வரலாற்றில் கடைக்குக் கொண்டுபோனவர் பெயர்தான் பெட்டியில் நிற்கும்.

ஹிலரி பேஜ் செய்தது என்ன

பேஜ் 1932இல் கிடிகிராஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். குழந்தை முதல் ஐந்து வயதில் எப்படி விளையாடுகிறது, எதைப் பிடிக்கிறது, எதை வாயில் வைக்கிறது என்று ஊன்றிப் பார்த்து, அதைப் பற்றி 1938இல் ஒரு நூலே எழுதியவர். மரப் பொம்மையைச் சுத்தமாகக் கழுவ முடியாது, சாயம் உரியும். பிளாஸ்டிக்கைக் கழுவலாம், நிறம் போகாது. இந்த எண்ணத்தோடு 1930களின் பிற்பகுதியிலேயே அவர் பிளாஸ்டிக் பொம்மைகள் செய்யத் தொடங்கிவிட்டார். பிளாஸ்டிக் என்றால் மலிவுச் சரக்கு என்று பொம்மைக் கடைக்காரர்கள் முகம் சுளித்த காலம் அது. இந்தப் பிடிவாதத்துக்கே அவருக்குத் தனிப் பாராட்டு உண்டு.

மேலே நான்கு குமிழ்களும் கீழே வெற்றுக் கூடும் கொண்ட பிளாஸ்டிக் கனசதுரத்துக்கு 1940இல் அவருக்கு பிரிட்டிஷ் காப்புரிமை கிடைத்தது. எண் 529,580. போர் முடிந்த பிறகு அதே எண்ணத்தை வளர்த்தார். 1947இல் வெளியான அவருடைய 'தானே பூட்டிக்கொள்ளும் கட்டடச் செங்கல்' இரண்டு வரிசையில் எட்டுக் குமிழ்கள் கொண்டது. கதவு, ஜன்னல் செருகுவதற்காக அதன் பக்கச் சுவர்களில் பிளவுகள் இருந்தன. அந்தப் பிளவுகளுக்கும் அவர் தனிக் காப்புரிமை பெற்றார்.

அந்தச் செங்கலின் படத்தை இன்று ஒருவரிடம் காட்டினால் தயங்காமல் லெகோ என்பார்.

பில்லுண்டுக்கு அது எப்படிப் போனது

ஓலே கிர்க் தச்சர். 1930களின் பொருளாதார நெருக்கடியில் வீட்டு வேலைகள் நின்றபோது மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி லெகோ என்று பெயர் வைத்தார். போருக்குப் பிறகு, உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்க்கும் இயந்திரம் ஒன்றை வாங்கினார். விலை 30,000 குரோனர். ஒரு கிராமத்துப் பட்டறைக்கு அது தலைக்கு மிஞ்சிய தொகை. இயந்திரத்தைச் செய்தது வின்ட்சர் என்ற பிரிட்டிஷ் நிறுவனம்.

கதை திரும்புவது இங்கேதான். இப்படிப்பட்ட இயந்திரத்தில் என்னவெல்லாம் செய்யலாம் என்று காட்ட, விற்பவர்கள் மாதிரிப் பொருள்களையும் காட்டினார்கள். அவற்றுள் கிடிகிராஃப்ட் செங்கலும் இருந்தது. ஓலே கிர்க்கும் மகன் கோட்ஃப்ரெட்டும் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். 1949இல் 'தானாகப் பிணையும் செங்கல்' என்ற பெயரில் அவர்களுடைய முதல் பிளாஸ்டிக் கட்டை வெளிவந்தது.

இரண்டுக்கும் இடையே என்ன மாற்றம்? லெகோ தரப்பே பின்னாளில் சொன்னவை இவை:

1. வளைவாக இருந்த மூலைகள் நேராக்கப்பட்டன.
2. அங்குல அளவுகள் மில்லிமீட்டருக்கு மாற்றப்பட்டன. அதனால் வந்த வேறுபாடு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்.
3. குமிழின் மேற்பரப்பு தட்டையாக்கப்பட்டது.

எட்டுக் குமிழ், வெற்றுக் கூடு, பக்கப் பிளவு எல்லாம் அப்படியே இருந்தன. இதை 'உந்துதல் பெற்றார்கள்' என்ற மென்மையான சொல்லால் கடந்துவிடக் கூடாது. 1949இன் கட்டை பேஜின் கட்டையின் நகல். எந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் அதுதான்.

ஆனால் நகல் வேறு, சட்டமீறல் வேறு. இந்த வேறுபாடு புரியாமல்தான் 'திருடிவிட்டார்கள்' என்ற வாதம் தடுமாறுகிறது. காப்புரிமை என்பது நாட்டுக்கு நாடு தனித்தனியாகப் பெற வேண்டிய உரிமை. பிரிட்டனில் பெற்ற காப்புரிமை பிரிட்டனுக்குள் மட்டுமே செல்லும். பேஜுக்கு டென்மார்க்கில் காப்புரிமை இல்லை. முதல் ஆண்டுகளில் லெகோ கட்டை விற்கப்பட்டதோ டென்மார்க்கில் மட்டும்.

காலமும் ஒரு கணக்கு. அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி காப்புரிமையின் ஆயுள் 16 ஆண்டுகள். பேஜின் முதல் காப்புரிமை 1950களின் நடுவிலேயே முடிந்துவிடும். பேஜ் 1957இல் இறந்தார். லெகோ பிரிட்டிஷ் கடைகளுக்கு வந்தது 1960இல். இருவரும் ஒரே சந்தையில் நேருக்கு நேர் நிற்கவே இல்லை. பேஜுக்கும் லெகோவுக்கும் இடையே வழக்கு ஏன் நடக்கவில்லை என்ற கேள்விக்கு இதில் பெரும்பகுதி விடை இருக்கிறது.

தன் பங்குக்கு லெகோ சொல்லும் கூடுதல் தகவல் ஒன்று உண்டு. 1950களின் இறுதியில் கிடிகிராஃப்டைத் தொடர்புகொண்டு ஆட்சேபணை உண்டா என்று கேட்டதாகவும், தங்கள் செங்கல் பெரிதாக விற்கவில்லை, உங்களுக்காவது நன்றாக அமையட்டும் என்ற வகையில் பதில் வந்ததாகவும் அந்நிறுவனத்தின் தரப்பு கூறுகிறது. அப்படியே நடந்திருந்தாலும், கேட்டது கட்டை வெளிவந்து ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்குப் பிறகு.

1954க்கும் 1958க்கும் இடையே பிறந்த வேறொரு பொருள்

கதை 1949உடன் முடிந்திருந்தால் விடை எளிது: பேஜ் செய்தார், பில்லுண்ட் பார்த்துச் செய்தது. ஆனால் அந்த முதல் கட்டை விற்கவில்லை. பிளாஸ்டிக் பொம்மை மீது டென்மார்க்கிலும் நம்பிக்கை இல்லை, பிடிமானமும் போதவில்லை. மரப் பொம்மைகளுக்கு நடுவே அது ஒரு ஓரச் சரக்காகவே கிடந்தது.

அடுத்து வந்த இரண்டு மாற்றங்கள் பில்லுண்டின் சொந்த உழைப்பு.

முதலாவது ஓர் எண்ணம். 1954இன் தொடக்கத்தில் கோட்ஃப்ரெட் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, கோபன்ஹேகனின் பெரிய அங்காடி ஒன்றுக்குப் பொம்மை கொள்முதல் செய்பவர் உடன் பயணம் செய்தார். பொம்மைத் தொழிலில் எதற்கும் எதற்கும் தொடர்பே இல்லை, ஒரு முறைமை இல்லை என்று அவர் குறைபட்டுக்கொண்டார். கோட்ஃப்ரெட் அதைப் பிடித்துக்கொண்டார். பட்டறையில் செய்யும் 200க்கும் மேற்பட்ட பொம்மைகளில் எது ஒரு முறைமையாக வளரக்கூடியது என்று தேடியவர் தேர்ந்தெடுத்தது, அதுவரை சரியாக விற்காத அந்தக் கட்டையை. 1955இல் 'விளையாட்டில் முறைமை' என்ற பெயரில் நகர அமைப்புத் தொகுப்பு வந்தது. இன்று வாங்கும் பெட்டி நேற்று வாங்கிய பெட்டியோடு சேர வேண்டும், நாளை வாங்குவதோடும் சேர வேண்டும் என்பதுதான் அதன் விதி. ஒரு பொம்மையை விற்பதற்கும் ஒரு மொழியின் எழுத்துகளை விற்பதற்கும் உள்ள தூரம் இது.

இரண்டாவது குழாய். கட்டைகள் நழுவுகின்றன, கட்டியதைத் தூக்கினால் உதிர்கிறது என்ற புகார்கள் ஜெர்மனியில் விற்பனையைத் தொடங்கியபோது இன்னும் வலுத்தன. உள்ளே எதை வைத்தால் குமிழைப் பிடிக்கும் என்று பல வடிவங்கள் வரையப்பட்டன. 1958 ஜனவரி 28 அன்று கோபன்ஹேகனில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போடப்பட்டது. மூன்று குழாய்கள் என்ற தீர்வோடு வேறு சில உட்தடுப்பு வடிவங்களையும் சேர்த்தே கேட்டார்கள், போட்டியாளர் வேறு வழியில் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக. சில வாரங்களில் ஓலே கிர்க் இறந்தார். அமெரிக்கக் காப்புரிமை 1961 அக்டோபரில், எண் 3,005,282 ஆக, கோட்ஃப்ரெட் பெயரில் வழங்கப்பட்டது.

சின்ன ஒட்டுவேலைதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒரே நிறத்தில் இரண்டு எட்டுக் குமிழ்க் கட்டைகளை 24 விதமாக இணைக்கலாம். மூன்று என்றால் 1,060 விதம். ஆறு என்றால் 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதம். லெகோ முதலில் வெளியிட்டது 10 கோடியே 29 லட்சத்துச் சொச்சம் என்ற எண்ணை. அது ஆறு அடுக்குக் கோபுரங்களை மட்டும் எண்ணியது என்று கண்டு, கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கணிதவியலர் சோரன் ஐலர்ஸ் சரியான எண்ணைக் கணினியில் கணக்கிட்டார். இந்தக் கணக்குகள் எல்லாமே ஓர் அனுமானத்தின் மேல் நிற்கின்றன: எந்தக் குமிழின் மேல் எப்படித் தள்ளி வைத்தாலும் கட்டை பிடிக்கும். வெற்றுக் கூட்டுக் கட்டைக்கு அது பொருந்தாது. பக்கவாட்டில் ஒரு வரிசை தள்ளினாலே பிடி போய்விடும் என்று மேலே பார்த்தோம். அந்தக் கோடிக்கணக்கான வழிகளைத் திறந்துவிட்டது குழாய்தான்.

1963இல் மூலப்பொருளும் மாறியது. பழைய செல்லுலோஸ் அசிடேட் காலப்போக்கில் கோணும். அதற்குப் பதிலாக வந்த ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் வடிவம் மாறாதது. பிடிமானம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவிலான துல்லியத்தைப் பொறுத்தது என்பதால் இதுவும் அடிப்படையான மாற்றமே. அச்சுகளைக் கடைந்து அந்தத் துல்லியத்தைக் கொண்டுவந்த தொழிலாளர்களின் பெயர்கள் இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தீர்ப்புகளைப் படிக்கும் முன்: நான்கு வேறு உரிமைகள்

அடுத்து வரும் வழக்குகளில் நான்கு சொற்கள் கலந்து வரும். ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் எல்லாமே தலைகீழாகத் தெரியும்.

1. காப்புரிமை: ஒரு பொருள் வேலை செய்யும் விதத்துக்கானது. குறிப்பிட்ட ஆண்டுகள் முடிந்ததும் யாரும் செய்யலாம்.
2. வடிவமைப்புப் பதிவு: கண்ணுக்குத் தெரியும் தோற்றத்துக்கானது. இதற்கும் கால வரம்பு உண்டு.
3. பதிப்புரிமை: எழுத்து, படம், வரைபடம் போன்ற சொந்தப் படைப்புகளுக்கானது. ஆயுள் மிக நீளம்.
4. வணிகக்குறி: இந்தச் சரக்கு யாருடையது என்று அடையாளம் காட்டுவது. புதுப்பித்துக்கொண்டே இருந்தால் முடிவே இல்லை.

குழாய்க் காப்புரிமை முடிவுக்கு வந்தபோது லெகோவின் சிக்கல் தொடங்கியது. அமெரிக்காவில் அது வழங்கப்பட்ட நாளிலிருந்து 17 ஆண்டுகள், அதாவது 1978 வரை. முதல் உரிமையின் காலம் தீர்ந்ததும் நிறுவனம் மற்ற மூன்றையும் நோக்கித் திரும்பியது. பிறகு நடந்த பெரிய வழக்குகள் எல்லாம் இந்த நகர்வின் விளைவுகள். அவற்றில் எதிர்த்தரப்பில் பேஜின் வாரிசுகள் இல்லை, லெகோவைப் போலக் கட்டை செய்த புதிய போட்டியாளர்களே இருந்தார்கள்.

ஹாங்காங் வழக்கு, 1988

இவற்றுள் மிக முக்கியமானது லெகோ குழுமத்தைச் சேர்ந்த இன்டர்லெகோவுக்கும் டைகோ என்ற அமெரிக்க நிறுவனத்துக்கும் நடந்தது. லெகோவோடு பொருந்தும் கட்டைகளை டைகோ ஹாங்காங்கில் தயாரிக்க முனைந்தது. காப்புரிமை தீர்ந்துவிட்டதால், கட்டைகளின் பொறியியல் வரைபடங்களில் தனக்குப் பதிப்புரிமை இருக்கிறது என்று லெகோ வாதிட்டது. அளவுகளைக் கொஞ்சம் திருத்தி மறுபடி வரைந்த 1970களின் வரைபடங்களும் அதில் அடக்கம். அந்த வாதம் ஏற்கப்பட்டிருந்தால் கட்டையின் மீதான உரிமை மேலும் பல பத்தாண்டுகள் நீடித்திருக்கும்.

அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஹாங்காங்கின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1988இல் அதை மறுத்தது. கட்டை வடிவமைப்பாகப் பதிவுசெய்யக்கூடிய பொருள், அந்த உரிமையின் காலம் போய்விட்டது, அதைப் பதிப்புரிமை என்ற பெயரில் நீட்ட முடியாது என்றது. திருத்திய வரைபடங்கள் புதிய படைப்புகள் ஆகா என்றும் சொன்னது. இருப்பதை நகலெடுப்பதில் எவ்வளவு திறமையும் உழைப்பும் செலவானாலும், அந்த உழைப்பு மட்டுமே ஒன்றைச் சொந்தப் படைப்பாக்கிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். பதிப்புரிமைச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் பகுதி இது.

1949இல் செய்த மூன்று திருத்தங்களையும் இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூலையை நேராக்குவதும் 0.1 மில்லிமீட்டர் மாற்றுவதும் ஒரு பொருளைப் புதிதாக்குமா என்ற கேள்வியை எந்த நீதிமன்றமும் பேஜின் சார்பில் கேட்கவில்லை. அதே அளவுகோலை லெகோ தன் சார்பில் கொண்டுபோனபோது, ஆகாது என்ற விடை வந்தது.

கிடிகிராஃப்ட் செங்கலிலிருந்து தொடங்கிய வரலாறு சட்ட ஆவணங்களில் பதிவானதும் இந்த வழக்கின் வழியாகத்தான். பலருக்குப் பேஜின் பெயர் தெரியவந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1981இல், கிடிகிராஃப்டின் அன்றைய உரிமையாளர்களிடமிருந்து அந்தப் பழைய செங்கலுக்கான உரிமைகளை லெகோ 45,000 பவுண்டுக்கு வாங்கியிருந்தது. காப்புரிமை எப்போதோ முடிந்த பொருளுக்கு அந்தத் தொகை ஏன்? எதிராளி ஒருவர் அந்த உரிமைகளைக் கையில் எடுத்துக்கொண்டு வழக்காட வந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை என்று படிப்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

கனடா, ஐரோப்பா: வணிகக்குறிப் போராட்டம்

கனடாவின் மாண்ட்ரியலைச் சேர்ந்த ரிட்விக் என்ற நிறுவனம், மெகா பிளாக்ஸ் என்ற கட்டைகளை விற்றது. கனடாவில் லெகோவின் காப்புரிமைகள் 1988இல் தீர்ந்திருந்தன. எட்டுக் குமிழ்களின் அமைப்பே மக்களுக்கு லெகோவை அடையாளம் காட்டுகிறது, எனவே அது வணிகக்குறி என்று லெகோ வாதிட்டது. கனடா உச்ச நீதிமன்றம் 2005 நவம்பரில் ஒருமனதாக மறுத்தது. குமிழ் ஒரு வேலையைச் செய்கிறது, வேலைக்கான உரிமை காப்புரிமை மட்டுமே, அது முடிந்ததும் வணிகக்குறி என்ற வேறு வாசல் வழியாக அதே தனியுரிமையைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பது காரணம்.

ஐரோப்பிய நீதிமன்றம் 2010 செப்டம்பரில் அதே இடத்துக்கு வந்தது. சிவப்பு நிற எட்டுக் குமிழ்க் கட்டையின் வடிவத்துக்கு 1999இல் லெகோ பெற்ற ஐரோப்பிய வணிகக்குறிப் பதிவு, ரிட்விக்கின் (பின்னாளைய மெகா நிறுவனம்) முறையீட்டின் பேரில் நீக்கப்பட்டிருந்தது. அந்த நீக்கம் உறுதியானது. அதே பிடிமானத்தை வேறு வடிவங்களாலும் தரலாமே என்ற வாதம் எடுபடவில்லை.

1978இல் வந்த சிறு மனித உருவத்துக்கு முடிவு வேறு. அதன் வடிவத்துக்கான வணிகக்குறி செல்லும் என்று ஐரோப்பியப் பொது நீதிமன்றம் 2015இல் சொன்னது. தலையும் உடலும் கையும் காலும் மனித உருவைக் காட்டவே இருக்கின்றன, ஒரு தொழில்நுட்ப வேலைக்காக அல்ல என்பது வேறுபாடு. அந்த உருவத்துக்கு பேஜிடம் முன்மாதிரியும் இல்லை.

அடிக்கடி தவறாகச் சொல்லப்படுபவை

1. 'லெகோ திருடியது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.' அப்படி ஒரு தீர்ப்பு இல்லை. லெகோ தோற்ற வழக்குகள் லெகோவே தொடுத்த அல்லது தன் உரிமையைக் காக்க நடத்திய வழக்குகள்.

2. 'நீதிமன்றம் சொல்லாததால் லெகோ நகலெடுக்கவில்லை.' இதுவும் தவறு. நகலெடுத்ததைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். இன்று நிறுவனத்தின் சொந்த வரலாற்றுப் பக்கங்களே கிடிகிராஃப்டைக் குறிப்பிடுகின்றன. குறை என்னவென்றால், பேஜ் உயிரோடு இருந்த காலத்திலும் அதற்குப் பின் வெகுகாலமும் அந்தப் பெயர் பெட்டியிலும் இல்லை, விளம்பரத்திலும் இல்லை.

3. 'பேஜ் லெகோவைக் கண்டுபிடித்தார்.' குமிழும் கூடும் கொண்ட பிளாஸ்டிக் செங்கல் அவருடையது. எல்லாக் கட்டையும் எல்லாக் கட்டையோடும் சேரும் முறைமையும், அதைச் சாத்தியமாக்கிய குழாயும் அவருடையவை அல்ல.

4. 'ஓலே கிர்க் குழாயைக் கண்டுபிடித்தார்.' பிளாஸ்டிக் இயந்திரத்தை வாங்கும் துணிவு அவருடையது. குழாய்க்கான விண்ணப்பம் மகன் கோட்ஃப்ரெட்டின் பெயரில் போனது. அதற்கு முன்னே பட்டறையில் பலர் பல வடிவங்களை முயன்று பார்த்திருந்தார்கள்.

5. 'பழைய லெகோ எல்லாம் இன்றைய லெகோவோடு சேரும்.' நிறுவனம் உறுதி சொல்வது 1958 முதலான கட்டைகளுக்கு. அதற்கு முந்தைய பெட்டி ஒன்று கிடைத்தால், கட்டையின் அடிப்பக்கத்தில் குழாய் இருக்காது, பக்கத்தில் ஜன்னலுக்கான பிளவும் இருக்கலாம். பெயர் லெகோவாகவே இருந்தாலும், அந்தப் பிளவும் வெற்றுக் கூடும் ஹிலரி பேஜ் வரைந்தவை.